‘ஸ்டாண்ட் அவுட்’: பிழையில்லாமல் எழுதவும் பேசவும் ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஸ்டாண்ட் அவுட்’ என்றால் என்ன என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவரும் ‘தனித்து நிற்பது’ என்று சட்டென்று சொல்லிவிடுவார். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால்தான் தடுமாற்றம். ‘ஷி இஸ் ஸ்டாண்டிங் அவுட் தேன் அதர்ஸ்’ என்று ஒருவர் எழுதுவார். ‘மேக் இட் டு ஸ்டாண்ட் அவுட்’ என்று இன்னொருவர் எழுதுவார். இந்த இரண்டு சொற்களில் யாரும் அதிகம் தவறுவதில்லை. முன்னும் பின்னும் வருகிற சின்னச் சொற்கள்தான் காலை வாருகின்றன. அவற்றை எந்த வரிசையில் முடிவு செய்வது என்று இங்கே பார்க்கலாம்.

ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள். எழுத்துக்கூட்டல் பிழைகள் அப்போதுதான் வெளியே வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வினையின் வடிவங்கள். ஸ்டாண்ட், ஸ்டாண்ட்ஸ், ஸ்டாண்டிங், ஸ்டுட்: இவ்வளவுதான். இறந்தகாலத்துக்கும் ஸ்டுட், ‘ஹேவ்’ உடன் வரும் மூன்றாம் வடிவத்துக்கும் அதே ஸ்டுட். ‘ஸ்டாண்டட்’ என்று ஒரு சொல் கிடையாது. ஸ்டுட் என்பதை எழுதும்போது நடுவில் இரண்டு ‘ஓ’ வரும். அதைப் பார்த்து ‘ஸ்டூட்’ என்று நீட்டிவிடாதீர்கள். ‘குட்’ போலக் குறிலாகவே ஒலிக்கும்.

அடுத்து அகராதி. ஃபிரேசல் வெர்ப் (வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் தொடர்) எதுவானாலும் அச்சு அகராதிகளில் முதல் சொல்லின் கீழ்தான் இருக்கும். ‘ஸ்டாண்ட்’ பதிவுக்குப் போய், பொருள்கள் எல்லாம் முடிந்தபின் வரும் ஃபிரேசல் வெர்ப் பகுதியைப் பாருங்கள். ‘அவுட்’ என்ற பதிவில் தேடுவது நேர விரயம்.

மூன்றாவதாக, தாளின் மேலே இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: எதன் நடுவில்? எதனால்? முதல் கேள்விக்கு விடை இல்லாமல் இந்தச் சொல்லைத் தொடவே கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

2. ‘தனி’யை விட்டுவிட்டு ‘எடுப்பு’க்கு வாருங்கள்

‘தனித்து நிற்பது’ என்று மனப்பாடம் செய்வதுதான் பாதிப் பிழைகளுக்கு வேர். தமிழில் ஒரு கட்சி தனித்து நிற்கிறது என்றால் கூட்டணி இல்லாமல் போட்டியிடுகிறது என்று பொருள். அதை அப்படியே ‘தி பார்ட்டி ஸ்டுட் அவுட் இன் தி எலெக்ஷன்’ என்று எழுதினால், தேர்தலில் அந்தக் கட்சி எல்லோர் கவனத்தையும் ஈர்த்தது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். கூட்டணி பற்றிய சேதி அவருக்குப் போய்ச் சேராது. அங்கே வேண்டியது ‘கன்டெஸ்டட் அலோன்’.

அதேபோல், வகுப்புக்கு வெளியே நின்றான் என்பதற்கு ‘ஹி ஸ்டுட் அவுட் ஆஃப் தி க்ளாஸ்’ என்று எழுதுகிறார்கள். வெளியே என்றால் ‘அவுட்சைட்’: ஹி ஸ்டுட் அவுட்சைட் தி க்ளாஸ்ரூம்.

சரியான படம் கோயில் மண்டபத் தூணில் இருக்கிறது. புடைப்புச் சிற்பத்தைப் பாருங்கள். தூணும் சிற்பமும் ஒரே கல். சிற்பம் தூணை விட்டுப் போய்விடவில்லை. பரப்பிலிருந்து முன்னே எழுந்து நிற்கிறது, அதனால் கண் முதலில் அங்கே போகிறது. ‘ஸ்டாண்ட் அவுட்’ இதுதான். கூட்டத்தை விட்டு விலகிப் போகிறவரைப் பற்றிய சொல்லே அல்ல இது. கூட்டத்துக்குள் இருந்துகொண்டே கண்ணில் படுகிறவரைப் பற்றியது.

ஆகவே தமிழில் நினைக்கும்போது ‘நில்’ என்பதைவிட ‘தெரி’ என்பதைப் பிடித்துக்கொள்வது நல்லது. நிறம், எழுத்து, உடை என்றால் ‘எடுப்பாகத் தெரிகிறது’. ஆள், குணம், திறமை என்றால் ‘தனித்துத் தெரிகிறது’. நெற்றி நரம்பு, கழுத்தெலும்பு என்றால் ‘புடைத்துத் தெரிகிறது’. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும்.

தூண் இல்லாமல் புடைப்புச் சிற்பம் இல்லை. அதனால்தான் ‘எதன் நடுவில்?’ என்ற கேள்வி முதலில் வருகிறது. ஒரே ஒரு மாணவர் மட்டும் இருக்கும் வகுப்பில் யாரும் ‘ஸ்டாண்ட் அவுட்’ ஆக முடியாது.

3. பின்னணியை முடிவு செய்து, அதற்கேற்ற பிரிபொசிஷனை எடுங்கள்

அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பிரிபொசிஷனை (‘இன்’, ‘ஃப்ரம்’ போன்ற சின்னச் சொல்லை) குருட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பின்னணி என்ன வகை என்று பார்த்தால் அது தானாக வரும்.

பின்னணி ஒரு பரப்போ நிறமோ என்றால் ‘அகெய்ன்ஸ்ட்’. எலெக்ட்ரிக் காரின் நம்பர் பிளேட்டில் பச்சையின் மேல் வெள்ளை எழுத்து இருக்குமே, அதைச் சொல்ல வேண்டுமானால்: தி ஒயிட் லெட்டர்ஸ் ஸ்டாண்ட் அவுட் அகெய்ன்ஸ்ட் தி க்ரீன் பிளேட். வானத்தின் பின்னணியில் கோபுரம் தெரிவதற்கும் இதுவே.

பின்னணி ‘மற்றவர்கள்’ என்றால் ‘ஃப்ரம்’: ஹர் எஸ்ஸே ஸ்டாண்ட்ஸ் அவுட் ஃப்ரம் தி ரெஸ்ட். ஃப்ரம் பின்னால் வரும் கூட்டத்தில் எழுவாய் இருக்கக் கூடாது, கவனியுங்கள். ‘ஃப்ரம் ஆல் தி ஸ்டூடண்ட்ஸ்’ என்றால் அந்த எல்லோரில் அவளும் அடக்கம். அவள் தன்னிடமிருந்தே வேறுபட முடியாது. ‘ஃப்ரம் தி அதர் ஸ்டூடண்ட்ஸ்’ என்று ‘அதர்’ சேருங்கள். ‘ஃப்ரம் தி க்ரவுட்’ மட்டும் வழக்கில் நிலைத்துவிட்ட தொடர், அதை அப்படியே எழுதலாம்.

எழுவாயும் அடங்கிய கூட்டம் என்றால் ‘அமங்’. அமங் பின்னால் பன்மை வேண்டும்: அமங் தி என்ட்ரீஸ், அமங் தி ப்ளேயர்ஸ்.

இடமோ படமோ கூட்டமோ ஒரு பை போல இருந்தால் ‘இன்’: ஹிஸ் ரெட் ஷர்ட் ஸ்டுட் அவுட் இன் தி ஃபோட்டோ. நினைவில் நிற்பதற்கும் இன்தான்: ஒன் டே ஸ்டாண்ட்ஸ் அவுட் இன் மை மெமரி.

யார் கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்ல ‘டு’: ஒன் ஆன்சர் ஸ்டுட் அவுட் டு மீ. ‘எனக்கு’ என்பதில் உள்ள ‘கு’வை இங்கே ‘டு’ என்று நினைத்துக்கொள்ளலாம். ‘ஃபார் மீ’ என்றும் ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. ஆனால் அடுத்த பகுதியில் காரணத்துக்கும் ஃபார் வரப்போகிறது. இரண்டும் மோதாமலிருக்க, பழகும்வரை ‘டு’ போதும்.

இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று ‘தேன்’. ‘மற்றவர்களைவிட’ என்று தமிழில் நினைத்தவுடன் கை ‘தேன்’ எழுதிவிடும். ‘தேன்’ வர வேண்டுமானால் ‘பெட்டர்’, ‘பிக்கர்’, ‘மோர்’ போல ஒப்பீட்டுச் சொல் ஒன்று முன்னால் இருக்க வேண்டும். ஸ்டாண்ட் அவுட்டில் அப்படி எதுவும் இல்லை. ‘விட’ என்று தோன்றும்போதெல்லாம் ‘ஃப்ரம்’ எழுதிப் பழகுங்கள்.

இன்னொன்று ‘ஆஃப்’. ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’, ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று கேட்டுக் கேட்டு, அவுட் வந்தால் ஆஃப் வரும் என்று காது பழகிவிட்டது. ‘ஸ்டாண்ட் அவுட் ஆஃப் தி க்ரவுட்’ பிழை. ஃப்ரம்தான்.

பின்னணி ஏற்கெனவே தெரிந்திருந்தால் பிரிபொசிஷனே வேண்டாம். பாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ‘ஹர் வாய்ஸ் ஸ்டுட் அவுட்’ என்பது முழு வாக்கியம்.

4. பிறகு காரணம்

‘எதனால்?’ என்பதற்கு விடை ஒரு பெயர்ச்சொல் என்றால் ‘ஃபார்’: ஃபார் ஹர் ஹானஸ்டி, ஃபார் ஹிஸ் பேஷன்ஸ். விடை ஒரு செயல் என்றால் ‘ஃபார்’ போட்டு வினையோடு ‘இங்’ சேர்க்க வேண்டும்: அமங் டெஸ்ட் பவுலர்ஸ், முரளிதரன் ஸ்டாண்ட்ஸ் அவுட் ஃபார் டேக்கிங் 800 விக்கெட்ஸ். விடை எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம் என்றால் ‘பிகாஸ்’: பிகாஸ் ஹி டுக் 800 விக்கெட்ஸ். ‘ஸ்டாண்ட்ஸ் அவுட் ஃபார் ஹி டுக்’ என்று கலந்தால் வாக்கியம் உடைந்துவிடும்.

என்னவாகத் தெரிகிறார் என்று சொல்ல ‘ஆஸ்’: முரளிதரன் ஸ்டாண்ட்ஸ் அவுட் ஆஸ் தி ஒன்லி பவுலர் வித் 800 டெஸ்ட் விக்கெட்ஸ். இங்கே ‘லைக்’ போடுகிறவர்கள் நிறைய. தமிழை வைத்தே சோதித்துக்கொள்ளலாம்: ‘ஆக’ என்றால் ஆஸ், ‘போல’ என்றால் லைக். ‘லைக் எ பவுலர்’ என்றால் அவர் பவுலரே இல்லை, பவுலர் மாதிரி இருக்கிறார் என்றாகிவிடும்.

பின்னணி, காரணம் இரண்டும் வந்தால் பின்னணி முன்னே, காரணம் பின்னே: ஷி ஸ்டாண்ட்ஸ் அவுட் ஃப்ரம் தி ரெஸ்ட் ஃபார் ஹர் பேஷன்ஸ். தூணைக் காட்டிவிட்டுச் சிற்பத்தைக் காட்டுவது போல. மாற்றிப் போட்டால் இலக்கணம் கெடாது, ஆனால் ‘ஃப்ரம்’ எதோடு சேர்கிறது என்று படிப்பவர் ஒரு நொடி தேடுவார்.

5. இரண்டு சொல்லுக்கும் நடுவில் எதையும் நுழைக்காதீர்கள்

‘டர்ன் ஆஃப்’ போன்ற சில ஃபிரேசல் வெர்ப்களைப் பிரித்து நடுவில் ‘இட்’ வைக்கலாம்: டர்ன் இட் ஆஃப். அந்தப் பழக்கத்தில் ‘ஸ்டாண்ட் இட் அவுட்’ என்று எழுதினால் தவறு. ஸ்டாண்ட் அவுட் செயப்படுபொருள் குன்றிய வினை. யாரையும், எதையும் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

‘க்ளியர்லி’, ‘ரியலி’, ‘இமீடியட்லி’ போன்ற வினையடைகளும் நடுவில் வராது. முன்னால் வைப்பது எளிது: இட் ரியலி ஸ்டாண்ட்ஸ் அவுட். ‘வெரி’ மட்டும் முன்னாலும் வராது. அது பெயரடைக்கும் வினையடைக்கும் உரியது, வினைச்சொல்லோடு ஒட்டாது. ‘வெரி ஸ்டாண்ட் அவுட்’ என்று விளம்பரத் தட்டிகளில் பார்த்திருந்தால், எழுதியவர் அவசரத்தில் இருந்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

6. காலம்: ‘இஸ் ஸ்டாண்டிங் அவுட்’ ஏன் வேண்டாம்

‘அவள் வகுப்பில் தனித்துத் தெரிகிறாள்’. இதில் உள்ள ‘கிற்’ ஆங்கிலத்தில் இரண்டு வழியாகப் பிரியும்: இப்போது நடந்துகொண்டிருப்பது ஒன்று, எப்போதும் அப்படி இருப்பது இன்னொன்று. தனித்துத் தெரிவது ஒரு நிலை. நிலையைச் சொல்ல சாதாரண நிகழ்காலம்: ஷி ஸ்டாண்ட்ஸ் அவுட் இன் க்ளாஸ். ‘ஷி இஸ் ஸ்டாண்டிங் அவுட்’ என்றால் கேட்பவர் மனதில் முதலில் ஓர் ஆள் எங்கோ எழுந்து நிற்கும் காட்சி வரும்.

இப்போதுதான் மெல்லக் கவனம் பெறுகிறாள் என்று மாற்றத்தைச் சொல்ல வேண்டுமா? ‘ஷி இஸ் ஸ்டார்ட்டிங் டு ஸ்டாண்ட் அவுட்’ என்று ‘ஸ்டார்ட்’டைக் கன்டினியூஸில் வையுங்கள். ‘ஸ்டாண்டிங் அவுட்’ பெயர்ச்சொல்லாக வருவதில் தடையில்லை: ஸ்டாண்டிங் அவுட் இஸ் நாட் ஈஸி.

மறுப்பிலும் கேள்வியிலும் ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது சுமந்துகொள்ளும். ‘டிட் நாட் ஸ்டாண்ட் அவுட்’ சரி, ‘டிட் நாட் ஸ்டுட் அவுட்’ தவறு. ‘ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்’ என்று எழுவாய் தொடங்கினால் வினை ஒருமை: ஸ்டாண்ட்ஸ் அவுட். பக்கத்தில் இருக்கும் பன்மையைப் பார்த்து ‘எஸ்’ஸை விட்டுவிடுவது பழகியவர்களிடமும் வரும் பிழை.

செயப்பாட்டு வினையாக இதை மாற்ற முடியாது. ‘தி டைட்டில் வாஸ் ஸ்டுட் அவுட்’ என்று எழுதத் தோன்றினால், உங்கள் மனதில் இருப்பது ‘தனித்துத் தெரியும்படி செய்யப்பட்டது’ என்ற கருத்து. அதற்கு வழி வேறு.

7. ‘தெரியச் செய்வது’: மேக்

தமிழில் ‘தெரிகிறது’, ‘தெரியச் செய்கிறது’ என்று இரண்டு இருப்பது போல ஆங்கிலத்திலும் ‘மேக்’ சேர்த்துக்கொள்ள வேண்டும். வரிசை இது: மேக், பிறகு பொருள், பிறகு வெறும் ஸ்டாண்ட் அவுட். ‘தி டார்க் ஃப்ரேம் மேக்ஸ் தி பெயிண்டிங் ஸ்டாண்ட் அவுட்.’

இதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். ‘மேக்ஸ் தி பெயிண்டிங் டு ஸ்டாண்ட் அவுட்’ என்று ‘டு’ சேர்ப்பது ஒன்று. மேக் பின்னால் டு வராது. ‘மேக்ஸ் தி பெயிண்டிங் ஸ்டாண்ட்ஸ் அவுட்’ என்று இரண்டாவது வினைக்கும் ‘எஸ்’ போடுவது இன்னொன்று. காலமும் ஒருமையும் மேக்கோடு முடிந்துவிட்டன. மூன்றாவது, ‘மேட் தி பெயிண்டிங் ஸ்டுட் அவுட்’. அதற்கும் காரணம் அதேதான்.

ஒரு வேடிக்கை: மேக்கைச் செயப்பாட்டில் போட்டால் காணாமல் போன ‘டு’ திரும்பி வந்துவிடும். ‘தி டைட்டில் வாஸ் மேட் டு ஸ்டாண்ட் அவுட்’ சரியான வாக்கியம். டு சேர்ப்பதா வேண்டாமா என்ற குழப்பம் பலருக்கு இங்கிருந்துதான் பிறக்கிறது. ‘ஹெல்ப்’ என்றால் டு சேர்த்தாலும் சரி, விட்டாலும் சரி.

8. புகழ்ச்சியா, குறையா?

ஸ்டாண்ட் அவுட் தன்னளவில் எந்தப் பக்கமும் சாயாது. ‘ஹிஸ் கைண்ட்னெஸ் ஸ்டுட் அவுட்’ என்றும் சொல்லலாம், ‘ஹிஸ் ரூட்னெஸ் ஸ்டுட் அவுட்’ என்றும் சொல்லலாம். காரணம் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வார்கள். குறை சொல்ல வந்தால் காரணத்தை எழுதியே ஆக வேண்டும்.

ஒட்டாமல், உறுத்தலாகத் தெரிகிறது என்று சொல்ல ‘ஸ்டிக் அவுட்’ பொருத்தம். ‘துருத்திக்கொண்டு நிற்கிறது’ என்பதில் உள்ள எரிச்சல் அதில் இருக்கிறது. எல்லோரும் வேட்டியில் வந்த கல்யாணத்துக்கு அரைக்கால் சட்டையில் வந்தவர் ‘ஸ்டக் அவுட்’. பட்டுச் சேலைகளுக்கு நடுவே கைத்தறிச் சேலையில் அழகாக வந்தவர் ‘ஸ்டுட் அவுட்’. பரிந்துரைக் கடிதத்தில் ஒருவரைப் பாராட்ட ‘ஹி ஸ்டிக்ஸ் அவுட்’ என்று எழுதுவது ஆபத்து.

9. ‘ஸ்டாண்ட்அவுட்’டும் ‘அவுட்ஸ்டாண்டிங்’கும்

வினையாக வரும்போது இரண்டு சொல், நடுவில் இடைவெளி. பெயராகவோ பெயரடையாகவோ வரும்போது சேர்த்து ஒரே சொல்: எ ஸ்டாண்ட்அவுட் பெர்ஃபார்மன்ஸ். ‘திஸ் டிசைன் ஸ்டாண்ட்ஸ்அவுட்’ என்று வினையைச் சேர்த்து எழுதக் கூடாது.

‘அவுட்ஸ்டாண்டிங்’ என்பதற்கு இரண்டு முகம். ஒன்று ‘மிகச் சிறந்த’. இன்னொன்றை வங்கிக் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள்: அவுட்ஸ்டாண்டிங் அமவுண்ட், இன்னும் கட்டாத தொகை. ‘பாக்கி நிற்கிறது’ என்று தமிழிலும் ‘நில்’லைத்தானே போடுகிறோம்! பக்கத்தில் பணமோ பில்லோ கடனோ வேலையோ இருந்தால் இரண்டாவது பொருள். திறமையோ ஆளோ ஆட்டமோ இருந்தால் முதல் பொருள். ‘ஐ ஹேவ் அன் அவுட்ஸ்டாண்டிங் லோன்’ என்று பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை.

அவுட்ஸ்டாண்டிங் ஏற்கெனவே உச்சத்தைச் சொல்லும் சொல். அதன் முன் ‘வெரி’ வைத்தால் ‘மிக மிகச் சிறந்ததிலும் மிக’ என்பது போல இடிக்கும். அழுத்தம் வேண்டுமானால் ‘ட்ரூலி’.

10. ஒலிப்பு

தமிழில் சொல் மெய்க்கூட்டில் தொடங்காது. அதனால் நாக்கு முன்னால் ஓர் ‘இ’ சேர்த்து ‘இஸ்டாண்ட்’ என்று உருட்டும். பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு நொடி இழுத்து, நிறுத்தாமல் ‘டாண்ட்’ சேருங்கள். தினம் பத்து முறை சொன்னால் ‘இ’ உதிர்ந்துவிடும்.

வினையில் அழுத்தம் ‘அவுட்’ மேல் விழும். முதல் சொல்லின் கடைசி ஒலி இரண்டாவதோடு ஒட்டிக்கொண்டு ‘ஸ்டான்-டவுட்’ என்று கேட்கும். ஒரே சொல்லான பெயரில் அழுத்தம் ‘ஸ்டாண்ட்’ மேல். அழுத்தம் மாறினால் எழுதியிருப்பது தெரியாமலே வினையா பெயரா என்று கேட்பவர் கண்டுகொள்வார்.

11. பக்கத்தில் இருந்து குழப்பும் சொற்கள்

‘செட் அபார்ட்’டுக்குச் செயப்படுபொருள் வேண்டும். வேறுபடுத்தும் குணம்தான் எழுவாயாக வரும்: ஹர் பேஷன்ஸ் செட்ஸ் ஹர் அபார்ட் ஃப்ரம் தி அதர் டீச்சர்ஸ். ஸ்டாண்ட் அவுட்டில் ஆள் எழுவாய், இதில் குணம் எழுவாய். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதலாம்.

‘சிங்கிள் அவுட்’ என்பது இன்னொருவர் செய்வது. ஆசிரியர் ஒருவனை மட்டும் குறிப்பாகப் பொறுக்கி எடுத்துப் பாராட்டினாலோ திட்டினாலோ ‘ஹி வாஸ் சிங்கிள்ட் அவுட்’. இதற்குச் செயப்பாட்டு வடிவம் உண்டு.

‘ஷோ ஆஃப்’ என்பது பகட்டு, பீற்றிக்கொள்வது. தனித்துத் தெரிய முயன்றவரைக் கேலி செய்ய இந்தச் சொல் போதும்.

‘ஸ்டாண்ட் ஃபார்’, ‘ஸ்டாண்ட் பை’, ‘ஸ்டாண்ட் இன்’ ஆகியவை பெயரளவில்தான் உறவு. சுருக்கெழுத்தின் விரிவு, துணை நிற்பது, ஒருவருக்குப் பதிலாக வருவது என்று அவை வேறு வேலை பார்க்கின்றன.

12. எங்கே எழுதலாம், எங்கே தவிர்க்கலாம்

ரெஸ்யூமேயில் ‘ஐ ஸ்டாண்ட் அவுட் ஃப்ரம் தி க்ரவுட்’ என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதாதீர்கள். வெற்று வாக்கியம் அது. எதனால் என்ற இரண்டாவது கேள்வி விடையில்லாமல் நிற்கிறது. அந்த இடத்தில் செய்த வேலையை எழுதுங்கள். நீங்கள் தனித்துத் தெரிகிறீர்களா என்று படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

நேர்முகத் தேர்வில் ‘வாட் மேக்ஸ் யூ ஸ்டாண்ட் அவுட்?’ என்று அவர்களே கேட்டால் அது வேறு. ‘வாட் மேக்ஸ் மீ ஸ்டாண்ட் அவுட் இஸ்’ என்று தொடங்கி உடனே ஒரு குறிப்பிட்ட திறமை, அதற்கு ஒரு சான்று. ‘ஹார்ட் வொர்க்’ என்று நிறுத்திவிட்டால், வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோரும் அதையே சொல்லியிருப்பார்கள்.

ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளில் வரைபடத்தை விவரிக்கும்போது இது கைகொடுக்கும்: ஒன் ஃபிகர் ஸ்டாண்ட்ஸ் அவுட். அல்லது, வாட் ஸ்டாண்ட்ஸ் அவுட் இஸ் தட், பிறகு முழு வாக்கியம். ‘இட் ஸ்டாண்ட்ஸ் அவுட் தட்’ என்று தொடங்குவது இயல்பாக இருக்காது. ஆய்வுக் கட்டுரை அளவுக்கு நடை இறுக்கமாக வேண்டுமென்றால் ‘இஸ் நோட்டபிள்’, ‘டிஃபர்ஸ் ஃப்ரம்’ பொருந்தும்.

13. வேறு இரண்டு பொருள்கள்

பழைய பிரிட்டிஷ் ஆங்கில நூல்களைப் படிக்கிறவர்களுக்கு மட்டும். ‘தி வொர்க்கர்ஸ் ஸ்டுட் அவுட் ஃபார் ஹையர் பே’ என்றால் கூலி உயர்வுக்காக விட்டுக்கொடுக்காமல் உறுதியாக நின்றார்கள். ‘ஸ்டுட் அவுட் அகெய்ன்ஸ்ட் தி பிளான்’ என்றால் திட்டத்தை எதிர்த்து நின்றார்கள். ஃபார், அகெய்ன்ஸ்ட் இரண்டும் நாம் மேலே பார்த்தவையே. பின்னால் வருவது குணமா கோரிக்கையா, நிறமா திட்டமா என்று பார்த்தால் குழப்பம் தீரும். கப்பல் ‘ஸ்டுட் அவுட் டு சீ’ என்றால் கரையை விட்டுக் கடலுக்குள் சென்றது. இவற்றைப் படித்தால் புரிந்துகொண்டால் போதும், எழுத வேண்டியதில்லை.

14. கையில் பழக: ஆறு வாக்கியங்கள்

விடையை மறைத்துக்கொண்டு திருத்திப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் பின்னணியைத் தேடுங்கள், பிறகு காரணத்தை, கடைசியாக வினை வடிவத்தை.

அ. ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங் ஸ்டாண்ட்ஸ் அவுட் தேன் அதர்ஸ்.
ஆ. தி ரெட் பார்டர் மேக்ஸ் தி சாரி டு ஸ்டாண்ட்ஸ் அவுட்.
இ. ஷி இஸ் ஸ்டாண்டிங் அவுட் லைக் தி பெஸ்ட் சிங்கர் இன் ஹர் ஸ்கூல்.
ஈ. தி ஹெடிங் வாஸ் ஸ்டுட் அவுட் அகெய்ன்ஸ்ட் தி பேஜ்.
உ. ஒன் ஆஃப் தி ஹவுசஸ் வெரி ஸ்டாண்ட் அவுட் ஃபார் இட்ஸ் ப்ளூ டோர்.
ஊ. வாட் ஸ்டுட் அவுட் டு மீ வாஸ் த சைலன்ஸ்.

அ: ‘தேன் அதர்ஸ்’ போய் ‘ஃப்ரம் தி அதர்ஸ்’ வரும். ‘விட’ செய்த வேலை.

ஆ: இரண்டு பிழை. மேக் பின்னால் டு இல்லை, ஸ்டாண்ட் பின்னால் எஸ் இல்லை: மேக்ஸ் தி சாரி ஸ்டாண்ட் அவுட்.

இ: நிலை என்பதால் ‘ஸ்டாண்ட்ஸ் அவுட்’. சிறந்த பாடகி ‘ஆக’ என்பதால் ‘ஆஸ்’.

ஈ: செயப்பாட்டு வடிவம் இல்லை. ‘தி ஹெடிங் ஸ்டுட் அவுட் அகெய்ன்ஸ்ட் தி பேஜ்’ போதும். யாரோ வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்பதுதான் கருத்து என்றால் ‘வாஸ் மேட் டு ஸ்டாண்ட் அவுட்’.

உ: ‘வெரி’ இடத்தில் ‘ரியலி’. எழுவாய் ‘ஒன்’ என்பதால் ‘ஸ்டாண்ட்ஸ்’. ‘ஃபார் இட்ஸ் ப்ளூ டோர்’ சரியாகவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஊ: பிழை ஒன்றும் இல்லை. ‘டு மீ’யை ‘மீ’ என்றோ ‘பை மீ’ என்றோ மாற்றியிருந்தால் 3-ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.